காரணமில்லாத ஓட்டம்

தமிழில் ஓடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். பேருந்தைப் பிடிக்க ஓடுகிறார்கள். மழைக்கு ஒதுங்க ஓடுகிறார்கள். கடன் கொடுத்தவரைக் கண்டால் ஓடுகிறார்கள். போர்க்களத்தில் ஓடுதல் என்பது புறமுதுகு காட்டுதல். ஒரு பெண் ‘ஓடிப்போனாள்’ என்றால் ஊர் உடனே வேறு பொருள் கொள்ளும். மலையாளத்தில் ‘ஒளிச்சோட்டம்’ என்ற சொல் அதே வேலையைச் செய்கிறது. மனிதரை விட்டுவிட்டால் வண்டி ஓடும், படம் ஓடும், காலம் ஓடும்; அவற்றிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. ஓடவேண்டும் என்பதற்காகவே ஓடுவதைக் குறிக்க ‘மெல்லோட்டம்’ என்றொரு நல்ல சொல் உண்டு. ஆயினும், ‘மெல்லோட்டத்திற்குப் போய்வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவர் எவருமில்லை. ‘ஜாகிங்’ என்கிறார்கள்; அல்லது ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் கப்பலண்டிமுக்குக்கு அருகே குடியிருக்கும் 33 வயதுப் பெண் ஒருவர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர். எறணாகுளத்தில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், பக்கத்து வீட்டில் கொங்கணி என்று வளர்ந்தவர். குஜராத்தியும் கச்சியும் கொங்கணியும் சில நூறு அடி இடைவெளிக்குள் ஒலிக்கும் அந்த ஊரில் இது வியப்புக்குரியதன்று. வியப்பு, அவர் 31 வயதில் ஓடத் தொடங்கியதுதான். அதற்குமுன் அவர் கைவைக்காத விளையாட்டு அநேகமாக இல்லை. எதிலும் நிலைத்ததும் இல்லை.

பள்ளியில் வாலிபால் அணியில் மாற்று ஆட்டக்காரராக இரண்டாண்டுகள் இருந்தார். அந்த இரண்டாண்டுகளில் களத்தில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு பாட்டு வகுப்புக்குக்கூடத் தேறாது. கால்பந்து அண்ணனுக்குரியதாக இருந்தது. போர்ட் கொச்சியின் பரேடு மைதானத்தில் மாலைதோறும் பையன்கள் ஆடுவதை ஓரத்தில் நின்று பார்ப்பதும், அண்ணனின் செருப்புக்குக் காவல் இருப்பதும் அவருடைய பங்கு. வேலைக்குச் சேர்ந்தபின் நீச்சல் பழகப் போனார். பெண்களுக்கென ஒதுக்கிய நேரம் அலுவலக நேரத்தோடு முட்டியது. உடற்பயிற்சிக் கூடத்திற்கு ஓராண்டுக் கட்டணம் கட்டி இரண்டு மாதம் போனார். இது நாடு தழுவிய வழக்கமாதலால் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஷட்டில் மட்டும் சற்று நீண்டது. கேரளத்தில் அலுவலகம் விட்டு வருகிறவர்களின் விளையாட்டு அது. மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் உள்ளரங்குகளும், நால்வர் சேர்ந்து பங்கிடும் கட்டணமும், ஒரு வாட்ஸ்அப் குழுவும் அதன் உறுப்புகள். இரட்டையர் ஆட்டத்தில் ஒவ்வொரு தவறுக்கும் ஒரு சாட்சி உண்டு. பந்தை விட்டுவிடும்போதெல்லாம் உடன் ஆடுகிறவர் ‘சாரமில்ல’ என்பார். பரவாயில்லை என்று பொருள். முதல் ‘சாரமில்ல’ ஆறுதலாக இருந்தது. ஓர் ஆட்டத்தில் அதை ஒன்பது முறை கேட்டவருக்குத்தான் அந்தச் சொல்லின் எடை தெரியும். எவரும் அவரை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நாளடைவில், குழுவில் அவர் செய்தியைப் பார்ப்பதற்குள் ‘நாளைக்கு நாலு பேர் ஆயிற்று’ என்ற வரி வந்து சேர்ந்துவிடும். அவ்வளவுதான். விளையாட்டிலிருந்து மனிதர்கள் பெரும்பாலும் இப்படித்தான் வெளியேறுகிறார்கள், எவரும் வெளியேற்றாமலே.

ஹாருகி முரகாமி ஓடத் தொடங்கியது 1982 இலையுதிர் காலத்தில், தம் 33ஆம் வயதில். குழு விளையாட்டுகள் தமக்கு ஒத்துவந்ததில்லை என்பதை 2007இல் வெளிவந்த தம் ஓட்ட நினைவு நூலில் அவர் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறார். பலரும் ஓட்டத்திற்கு வந்து சேரும் வழி அதுவே. தேர்வுக்குழு இல்லை, இணையர் இல்லை, ‘சாரமில்ல’ இல்லை. அதனால் ஓட்டத்தை எல்லாருக்கும் உரிய விளையாட்டு, காலணி மட்டும் போதும் என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது பாதி உண்மை. ஓட்டத்திற்குத் தெரு வேண்டும். ஆண் ஓடும்போது தெரு பின்னணியாக இருந்துவிடுகிறது. பெண் ஓடும்போது தெருவே முன்னால் வந்து நிற்கிறது.

இத்தனைக்கும் இது கேரளம். பி. டி. உஷா 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்டத்தில் ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டதை அறியாத வீடு அங்கே இல்லை. வல்சம்மா, ஷைனி வில்சன், பீனாமோள் என்று அந்த வரிசை நீளும். நன்றாக ஓடத் தெரிந்த பெண்களுக்கு அங்கே பஞ்சமில்லை. சுமாராக ஓடும் பெண்ணைக் கண்டுதான் தெருவுக்குப் பழக்கமில்லை. பள்ளி விளையாட்டு விழாவில் 100 மீட்டர் முதற்சுற்றிலேயே கடைசியாக வந்த சிறுமியிடம் பிறகு ஒருவரும் ஓடச் சொல்வதில்லை. பன்னிரண்டு வயதில் அந்தக் கணக்கு முடித்துவைக்கப்படுகிறது. (ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் முதன்முதலாக நடந்ததும் அதே 1984இல்தான் என்பது ஓர் உபரித் தகவல்.)

சுமாராக ஓடுவதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்னும் பயிற்சியாளர் நடுவயதினரைக் கூட்டி மெதுவாக ஓடவைத்தார். 1962இல் அங்கே போயிருந்த அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மேன், தம்மைவிட மூத்த ஒருவர் தம்மை எளிதாக முந்திச் செல்வதைக் கண்டு வெட்கி, ஊர் திரும்பி அதைப் பரப்பினார், நூலும் எழுதினார். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் சரியான வேகம் என்பது அந்த மரபின் விதி. மட்டாஞ்சேரிப் பெண்ணுக்குப் பேசத் துணையில்லை. எனவே ஒன்றிலிருந்து இருபது வரை வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஓடினார். எண் தொண்டையில் சிக்கினால் நடை. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் வகுத்த ஒன்பது வாரத் திட்டம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருந்தார். ஒன்பது வாரம் அவருக்குப் பதினேழு வாரமாயிற்று. இடையில் கணுக்கால் முன்புறம் வலித்தது, மாதவிலக்கு வந்தது, ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச் வந்தது, பிறகு மழை வந்தது. மேற்குக் கொச்சியில் மழை மட்டும் கணக்கில்லை. ‘வேலியேற்றம்’ என்று அங்கே சொல்லப்படும் கடலேற்றத்தின்போது கால்வாய் நீர் தெருவுக்குள் வந்துவிடும். அதனால் ஓடுகிறவர் வானத்தையும் பார்க்க வேண்டும், கடலையும் பார்க்க வேண்டும்.

வெயிலும் புழுக்கமும் அவரை விடியற்காலை ஐந்து மணிக்குத் தள்ளின. 1555இல் போர்த்துகீசியர் கட்டி, பின்னர் டச்சுக்காரர் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றுவிட்ட மாளிகையருகே தொடங்கி, பஜார் தெரு வழியாகக் கல்வத்திக் கால்வாயைக் கடந்து கடற்கரை வரை போய்த் திரும்புவது அவர் பாதை. பஜார் தெருவின் இருபுறமும் பழைய பண்டகசாலைகள். மலையாளத்தில் ‘பாண்டிகசாலை’ என்பார்கள். தமிழரைப் பாண்டி என்று கேலிசெய்யும் ஊரில், அவை பாண்டிக்காரர் கட்டியவை போலும் என்று சிறுவயதில் நெடுங்காலம் பெருமைப்பட்டதாக அவர் சொல்லிச் சிரிப்பதுண்டு. சுக்கும் மிளகும் ஈரச் சாக்கும் கலந்த வாடை. நடுத்தெருவில் படுத்திருக்கும் ஆடுகள். அவை யாருக்காகவும் எழுவதில்லை.

அந்தத் தெருவில் ஓடுவதை அவருடைய அம்மா விரும்பவில்லை. ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியதும் உண்டு. ஆனால் அம்மா சொன்ன வாக்கியம் வேறு: “உங்க தாத்தா இந்தத் தெருவுல ஓடுனது போதாதாடி?”

தாத்தா துறைமுகத்தில் சுமை இறக்கியவர். கொச்சித் துறைமுகத்தில் அந்நாளில் ‘சாப்பா’ என்னும் முறை இருந்தது. அன்றன்று கிடைக்கும் வேலைக்கு உலோக வில்லைகளே அனுமதிச் சீட்டு. விடியுமுன் வந்து காத்திருக்கும் கூட்டத்தின்மேல் ஒப்பந்தக்காரரின் ஆள் அவற்றை விட்டெறிவான். ஓடி, மோதி, மற்றவர் கையை முறுக்கி, வில்லை எவர் கைக்கு அகப்படுகிறதோ அவருக்கு அன்று கூலி. ஏனையோர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டும். அதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. செய்து, செய்தலவி, ஆன்றணி என்று மூன்று தொழிலாளரின் பெயர்கள் இன்றும் அந்த ஊரில் நினைவுகூரப்படுகின்றன. ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் 2023இல் வெளிவந்தபோது மகளும் அம்மாவும் சேர்ந்தே போயிருக்கிறார்கள். வில்லைகள் வீசப்படும் காட்சியில் அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த வரலாறு தெரிந்தவர், கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டு அதே தெருவில் ஓடுவது பொருந்தாச் செயலா? அப்படித் தோன்றுவது இயல்பு. உழைத்துக் களைத்த உடல்களின் தெருவில் உழைப்பில்லாதவர் வியர்வையை விலைகொடுத்து வாங்குகிறார் என்னும் கிண்டல் ஆய்வரங்குகளிலும் கேட்பதுதான். அதில் உண்மை இல்லாமலில்லை. மேசையில் எட்டு மணிநேரம் அமரும் வேலைதான் இத்தகைய ஓட்டத்தை வேண்டுகிறது. ஆனால் சாப்பாவுக்கு எதிராக நின்றவர்கள் கேட்டது வேலையை மட்டுமன்று. காலையில் எழுந்து நாயைப்போல் துரத்தி ஓடாமல் வாழும் ஒரு நாளையும் கேட்டார்கள். பேத்தியின் 5 மணி ஓட்டத்தை யாரும் வில்லை எறிந்து தொடங்கிவைப்பதில்லை. முந்தாமல் ஓடலாம். பாதியில் நிறுத்தினாலும் அன்றைய உலை கொதிக்கும். தாத்தாவின் ஓட்டத்திற்கும் இதற்கும் வினைச்சொல் ஒன்று, வேறெதுவும் ஒன்றில்லை. இதை அவர் அம்மாவிடம் வாதமாகச் சொன்னதில்லை. ஓடிவிட்டு வந்து தேங்காய் துருவிக் கொடுத்தார்.

பஜார் தெருவில் இன்றும் சுமட்டுத் தொழிலாளர் உண்டு. ஐந்தரை மணிக்குமேல் சிலர் வந்து திண்ணையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடிப்பார்கள். முதற்சில வாரங்கள் அந்த இடத்தை அவர் நடந்தே கடந்தார். ஓட்டத் திட்டம் அந்த நிமிடத்தில் ஓடச் சொன்னாலும் நடந்தார். ஒருநாள் அவர்களுள் மூத்தவர் கேட்டார்: “எங்கோட்டா மோளே?” எங்கே போகிறாய் மகளே என்ற சாதாரணக் கேள்வி. ஆட்டோக்காரர் ஒரு சவாரியை ‘ஓட்டம்’ என்று சொல்லும் மொழியில் அதற்கு ஓர் ஊர்ப்பெயர்தான் விடையாக முடியும். “எங்கோட்டும் இல்ல சேட்டா” என்றார் இவர். பெரியவர் சற்று யோசித்துவிட்டு, “என்னால் ஓடிக்கோ” என்றார். அப்படியானால் ஓடிக்கொள் என்று பொருள். அதன்பின் அந்த இடத்தில் அவர் நடப்பதில்லை. உந்துவண்டி குறுக்கே நின்றால் எவராவது நகர்த்திவிடுகிறார்கள். எல்லாரும் அப்படியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பைக்கில் உரசிப் போய்ப் பாட்டுப்பாடிய இரு இளைஞர்களால் ஒரு மாதம் பாதையை மாற்றியிருக்கிறார்.

கொச்சியில் ‘சோல்ஸ் ஆஃப் கொச்சின்’ என்னும் ஓட்டக்குழு இருக்கிறது. ‘ஸ்பைஸ் கோஸ்ட் மாரத்தான்’ அவர்கள் நடத்துவது. அலுவலகத்தில் ஒருவர் அதில் அரைமாரத்தான் ஓடிப் பதக்கத்தை மேசையில் மாட்டியிருக்கிறார். இவரையும் பெயர் கொடுக்கச் சொல்லி வற்புறுத்துகிறார். இவர் இன்னும் கொடுக்கவில்லை. 5 கிலோமீட்டரை 41 நிமிடத்தில் முடிக்கிறார். சென்ற ஆண்டும் ஏறக்குறைய அதே நேரம்தான். முன்னேற்றம் இல்லையே என்று கேட்டவரிடம், முன்னேறாமல் ஈராண்டு நிலைத்த விளையாட்டு இது ஒன்றுதான் என்றிருக்கிறார்.

இந்த மழைக்காலத்தில் காலணி காய்வதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிடுகிறது. அம்மா பழைய செய்தித்தாளைச் சுருட்டி அவற்றுள் திணித்து, இரவில் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கிறார்.