விஜயந்தாவை ஓட்டியவருக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய டிரைவர் ஐயாவுக்கு,

பெயரைப் போட்டு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். அதற்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் நன்றியை ஊரறியச் சொல்லக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால்தான் இதைத் திறந்த மடலாகவே எழுதுகிறேன்.

விஜயந்தா டாங்கியின் மாதிரி முடிந்துவிட்டது. நீங்கள் ஓட்டிய வண்டி பீரங்கிக் குழாயோடு சேர்த்து ஏறக்குறைய 9.8 மீட்டர் நீளம். பென்னாகரத்தில் என் மேசைமேல் நிற்பது 28 சென்டிமீட்டர். முப்பத்தைந்தில் ஒரு பங்கு. டாங்கி மாதிரி செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் கையாளும் அளவு இதுதான். ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் ஜெர்மன் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்து வண்டியின் அளவை வைத்தார்கள். அப்படி அமைந்த கணக்கே பின்னால் எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. மர அறுவை மில்லாகத் தொடங்கிய அந்தக் குடும்பத் தொழிலை உலகறிய வளர்த்த ஷுன்சாகு டாமியா 2025-இல் காலமானார். என்னைப் போன்றவர்கள் அவருக்கும் கடன்பட்டவர்கள்.

ஷெர்மன், டைகர், டி-34 டாங்கிகளின் மாதிரிகள் எல்லாம் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. ஆவடியில் பிறந்த வண்டி அப்படி எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, பேனா ரீஃபிலையும் செப்புக் கம்பியையும் ஒட்டி நானே கட்டினேன். பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு 1961-இல் இந்தியா ஒப்பந்தம் போட்டது; 1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளியே வந்தது. 1980களின் தொடக்கம் வரை இரண்டாயிரத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். செஞ்சுரியன் டாங்கியின் டரெட், அதாவது சுழலும் பீரங்கிக் கூடு, வார்ப்பு. விஜயந்தாவின் டரெட்டோ தகடுகளை வெல்டிங் வைத்துச் சேர்த்தது. எம்-சீலை நூலாக உருட்டி, மூலைகளில் ஒட்டி, ஊசி முனையால் வரி வரியாக அழுத்தி அந்த வெல்டிங் கோடுகளைக் கொண்டுவந்தேன். நிஜ வண்டியில் அந்தக் கோடு ஒவ்வொன்றும் கண்ணாடி மாட்டிக்கொண்டு குனிந்து நின்ற ஒரு தொழிலாளியின் உழைப்பு. அவர்களுக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு.

கட்டுவதற்கு வரைபடமும் அளவுகோலும் போதும். வண்டியைப் பழசாக்கும் வேலையை, வெதரிங்கை, வரைபடம் சொல்லித்தராது. அதற்குத்தான் உங்கள் திண்ணைக்கு வந்தேன்.

நம் ஊர்ச் செம்மண்ணையே சலித்துப் பூசலாமா என்று கேட்டேன். சிரித்தீர்கள். "அங்க ஏது கண்ணு செம்மண்ணு? பஞ்சாப் மண்ணு சாம்பல் கலந்த பழுப்பு. காஞ்சா வெளுத்துடும், நனைஞ்சா களி. ராஜஸ்தான் பக்கம் போனா வெறும் மணலு, விபூதி மாதிரி படியும். நீ எந்த ஊர்ல நிக்கிற வண்டியச் செய்யறே, அத மொதல்ல சொல்லு." அந்தக் கேள்விதான் இந்த வேலையின் அடித்தளம் என்று இப்போது புரிகிறது. ராஜஸ்தான் என்றேன். சாக்பீஸைச் சுரண்டி, கொஞ்சம் மஞ்சள் காவியும் சலித்த அடுப்புச் சாம்பலும் சேர்த்து, மெல்லிய துணியில் மறுபடியும் சலித்தேன். இவ்வளவு மென்மை தேவைப்படுகிறது ஐயா. அரை மில்லிமீட்டர் மணல் துகள் இந்த வண்டியின் மேல் உட்கார்ந்தால், நிஜ அளவில் அது ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி.

துருவைப் பற்றி நீங்கள் சொன்னதை, மாதிரி செய்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டும். துருநிறம் அடித்து, அதன்மேல் ஹேர்ஸ்பிரே தெளித்து, மேலே பச்சை பூசி, ஈரத் தூரிகையால் தேய்த்தால் பெயின்ட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து அடியிலிருக்கும் துரு எட்டிப் பார்க்கும். பார்க்க அழகான முறை. அந்த ஆசையில் பலர் வண்டி முழுக்கத் துருவேற்றிவிடுகிறார்கள். "ஓடுற வண்டி எங்க கண்ணு துரு புடிக்கும்? நாங்க விடுவமா? சைலன்சர் துருவேறும், இழுக்கிற கம்பிக் கயிறு துருவேறும். மத்ததெல்லாம் தேய்மானம்" என்றீர்கள். அதனால் என் விஜயந்தாவில் துரு இரண்டே இடத்தில்தான். மற்ற விளிம்புகளில் பென்சில் கரியை விரலால் தேய்த்து விட்டேன். இரும்பு இரும்பாகவே மினுங்குகிறது.

தேய்மானம் எங்கே என்பதையும் உடம்பால் காட்டினீர்கள். திண்ணையில் உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் தூக்கி ஒரு வட்டத்தின் விளிம்பைப் பிடித்து இடுப்பை உள்ளே இறக்கினீர்கள். முன்பக்கம், வலப்புறம், டிரைவர் மூடி. உள்ளங்கை படும் இடமும் முழங்கை உரசும் இடமும் அங்கே பளபளக்கின்றன. முன் மட்கார்டிலிருந்து டரெட்டுக்கு ஏறும் வழி ஒன்றே. அதில் பூட்ஸ் தேய்த்த தடம். டீசல் ஊற்றும் வாயைச் சுற்றிக் கறுத்த ஈரம், அதன்மேல் ஒட்டிய புழுதி. அதற்கு எண்ணெய் வண்ணத்தில் அடர் பழுப்பை டர்பன்டைனில் கரைத்துத் துளித்துளியாக விட்டேன். டிராக்கில் தரையைத் தொடும் முகம் மட்டும் வெள்ளியாக, குழிகளெல்லாம் மணலாக. பிறகு நீங்கள் மிகச் சாதாரணமாகச் சொன்ன ஒன்று: வழி தெரிய வேண்டுமே, அதற்காக பெரிஸ்கோப்பின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருப்பீர்களாம். புழுதி படிந்த வண்டியில் அந்தச் சிறு இடம் மட்டும் சுத்தமாக இருக்கும். வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அழுக்கே இல்லாத அந்த ஒரு நகக்கண் அளவு இடத்தில் உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இன்னொன்றையும் மறக்க மாட்டேன். 1971 டிசம்பர் 16, இந்திய-பாகிஸ்தான் போரின் பசந்தர் சண்டை. பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் அருண் கேத்தர்பால், ஃபமகுஸ்தா என்று பெயரிட்ட செஞ்சுரியன், பரம்வீர் சக்ரா. இவை எனக்குத் தெரியும். "அந்த வண்டிய ஓட்டுனது யாரு?" என்று நீங்கள் கேட்டபோது பதில் என்னிடம் இல்லை. பிரயாக் சிங் என்றீர்கள். கன்னர் நத்து சிங். அன்றே உயிர்விட்ட நந்த் சிங். மூன்று பெயரையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னீர்கள். வீரனின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த ஊர்கள் நம்முடையவை. தருமபுரி மாவட்டத்தில் வயல் வரப்பெல்லாம் நடுகற்கள் நிற்கின்றன. ஆனாலும் ஒரு டாங்கியில் நான்கு பேர் உண்டு என்பதை நான் உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் மாவட்டத்துக் கிராமங்களில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கப்பலோ விமானமோ லாரியோ, எதைச் செய்வதானாலும் அதில் வேலை பார்த்த ஒருவர் பக்கத்து ஊரில் இருக்கக்கூடும். போய்க் கேளுங்கள். மகிழ்ந்து சொல்வார்கள்.

ஐயா, அடுத்து செஞ்சுரியனைத் தொடங்கியிருக்கிறேன், பஞ்சாப் மண்ணில் நிற்கிற மாதிரி. இரண்டு சந்தேகம் இருக்கிறது. சேற்றில் ஓடிவந்த வண்டியில் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றி வைப்பார்களா, அப்படியே விட்டுவிடுவார்களா? அப்புறம், ரோடு வீல்களுக்கு இடையில் சேறு எவ்வளவு உயரம் அப்பும்? ஞாயிற்றுக்கிழமை விஜயந்தாவை எடுத்துக்கொண்டு வருகிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.


பென்னாகரத்திலிருந்து உங்கள் மாணவன்