பொத்தானுக்குள் இருந்த தாளம்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோப் பாட்டுக் கேட்ட கதையை அம்மா இன்றும் சொல்லுவா. கை ஓய்ந்தால் பாட்டும் ஓய்ந்துவிடுமாம். எனக்குப் பாட்டுப் பைத்தியம் அவவிடமிருந்துதான் வந்தது.

சென்ற வருடம் பழைய கசியோ கீபோட் ஒன்றை வாங்கினேன். எனக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பொத்தானை அழுத்தினால் தாளம் தானாகவே ஓடும். இந்தத் தாளங்களை யார் அமைத்தார்கள் என்று தேடியபோதுதான் ஒகுடா ஹிரோகோ என்ற பெண்ணைப் பற்றி அறிந்தேன்.

யப்பானில் இசை படித்த அவருக்கு ஜமேக்கா நாட்டின் ரெகே இசையில் பெரும் விருப்பம். 1980இல் கசியோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1981இல் வெளிவந்த எம்.ரி-40 என்ற சிறிய கீபோட்டுக்குத் தாளங்கள் அமைக்கும் வேலை அவரிடம் வந்தது. அவற்றில் 'ரொக்' என்ற தாளத்தை வைத்து, 1985இல் ஜமேக்காப் பாடகர் வெய்ன் சிமித் ஒரு பாட்டுப் பாடினார். தயாரித்தவர் ஜமி. அதன்பின் நூற்றுக்கணக்கான பாட்டுகள் அதே தாளத்தில் வந்தன. வாத்தியக்காரர்களை அமர்த்தக் காசில்லாதவர்களும் ஒரு சின்னப் பெட்டியை வைத்துப் பாட்டுச் செய்யலாம் என்றாயிற்று. அந்தப் பாட்டுகளுக்கு ஆடியவர்களில் எத்தனை பேருக்கு ஒகுடாவின் பெயர் தெரிந்திருக்கும்?

அம்மாவிடம் இதைச் சொன்னேன். தையல் மெசினை நிறுத்தி, "நான் தைச்ச சட்டையளும் எங்கையெல்லாமோ போயிருக்கும். ஆர் தைச்சதெண்டு ஆர் கேட்டது?" என்றா.

எனக்குப் பதில் வரவில்லை. கீபோட்டை எடுத்து அவவின் மடியில் வைத்தேன். பொத்தானை அழுத்தினா. தாளம் ஓடியது.

"இதுக்குச் சைக்கிள் சுத்தத் தேவையில்லையோ?" என்று சிரித்தா.

இப்போது பின்னேரங்களில் ஒற்றை விரலால் வாசித்துப் பழகுகிறா.