டயர்க் கணக்கு

டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டால் பணம் மிச்சமாகும் என்று சொல்லாத கடைக்காரரை நான் பார்த்ததில்லை. பல வருஷம் நான் அதை நம்பவும் இல்லை, செய்யவும் இல்லை. சோம்பேறித்தனம் என்று வீட்டில் சொல்வார்கள். என்னிடம் கணக்கு இருந்தது.

என்னுடையது சின்ன ஹேட்ச்பேக். எஞ்சின் முன்னால், வண்டியை இழுப்பதும் முன்சக்கரம். திருப்புவது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு பாரத்தைத் தாங்குவது, எஞ்சினைச் சுமப்பது எல்லாம் முன் டயர்தான். பின் டயர் பெரும்பாலும் கூடவே உருண்டு வருகிறது, அவ்வளவுதான். முன்னது 30,000 கிலோமீட்டரில் தேய்கிறது, பின்னது 60,000 வரை தாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிப் போடாமலே 1,20,000 கிலோமீட்டர் ஓட்டினால் முன்னால் நான்கு ஜோடி, பின்னால் இரண்டு ஜோடி, ஆக 12 டயர். ஒழுங்காக மாற்றிப் போட்டால் நான்கும் ஒன்றாக 40,000 வரை வரும். அதே தூரத்துக்கு மூன்று செட். அதுவும் 12 டயர்தான்! ஒன்றுகூட மிச்சமில்லை. மாற்றிப் போட்டால் நான்கையும் ஒரே நாளில் வாங்கப் பணம் புரட்ட வேண்டும். போடாவிட்டால் இரண்டிரண்டாக வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரனுக்கு எது தோது?

இந்தக் கணக்கைச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் கோவையில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். அந்த வண்டியைத் தள்ளுவது பின்சக்கரம் என்பதால் அவருக்குப் பின் டயர்தான் முதலில் போகும். ஸ்டெப்னியும் மற்றவற்றின் அளவிலேயே இருக்கும். ஐந்தையும் சுற்றில் விடுவார். வாசலில் ஜாக்கி போட்டு, வீல் ஸ்பேனரோடு உட்கார்ந்து, நட்டுகளை அடுத்தடுத்து முறுக்காமல் எதிரெதிராக முறுக்குவார். ஒரு சவாரி போய்வந்த பிறகு மறுபடி இறுக்கிப் பார்ப்பார். இந்தக் காலத்து அலாய் வீல் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி மட்டும் சின்ன இரும்பு வீலாக இருக்கிறது. அதைச் சுற்றில் சேர்க்க முடியாது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கணக்கு சரிதான் கண்ணு. வருசத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவே?" என்றார்.

"எட்டாயிரம் இருக்கும் சித்தப்பா."

"அப்பப் பின்னாடி டயரு தேஞ்சு முடிய ஏழு எட்டு வருசமாகுமே. அதுக்குள்ள ரப்பரு வெறச்சுப் போயிருமல்ல?"

என் கணக்கில் காலமே இல்லை. டயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகிறது. நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக. பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். காடி ஆழமாகவே இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் ஓட்டாதீர்கள் என்று டயர்க் கம்பெனிகளே சொல்கின்றன. பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிய அத்தனை காலம் ஆக வேண்டியதும் இல்லை. என் ஓட்டத்துக்கு மாற்றிப் போட்டிருந்தால் நான்கும் ஐந்து ஆண்டில் பயன்பட்டு முடிந்திருக்கும். போடாததால் பின் டயர் இரண்டும் தேயாமலே கிழடாகிக்கொண்டிருந்தன. ஆகவே ரொட்டேஷனால் பணம் மிச்சமாவது டாக்ஸிக்காரருக்கு அல்ல. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியை எடுக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

"தேயறதுக்கு முன்னாடியே மாத்தோணும்" என்றும் சித்தப்பா சொன்னார். மாத்தோணும் என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

புது டயரில் காடியின் ஆழம் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும். காடிக்குள் அங்கங்கே சின்னத் திட்டுகள் உண்டு. அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேல்பரப்பு தேய்ந்து அந்தத் திட்டோடு சமமானால் டயரின் ஆயுள் முடிந்தது. நம் மோட்டார் வாகன விதியும் காருக்கு அந்த அளவைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. நான் கடைக்குப் போனபோது முன்னால் 3 மில்லிமீட்டரும் பின்னால் 6 மில்லிமீட்டரும் இருந்தன. கடைக்காரர் எதுவும் கேட்காமல் முன்னதைப் பின்னாலும் பின்னதை முன்னாலும் போட்டுக் கொடுத்தார். நானும் கடமை முடிந்ததென்று வந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். நாலுவழிச் சாலை. லேசான வளைவில் தண்ணீர் தேங்கியிருந்ததைப் பார்த்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வண்டியின் பின்பக்கம் எனக்குச் சம்பந்தமில்லாததுபோல் தனியாக வெளியே போயிற்று. பக்கத்து லேனில் யாரும் இல்லாததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். திறமையால் தப்பினேன் என்று சொல்ல மாட்டேன்.

நடந்தது பிறகுதான் புரிந்தது. காடிகளின் வேலை அடியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறைந்த டயர் வேகத்தில் அதைச் செய்ய முடியாமல் தண்ணீரின் மேலேயே ஏறி மிதக்கும். முன் டயர் மிதந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். வேகம் குறைந்ததும் ஸ்டியரிங் கைக்குத் திரும்ப வாய்ப்புண்டு. பின் டயர் மிதந்தால் வண்டியே சுழலும். அதைச் சமாளிக்க ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் அளவாகத் திருப்ப வேண்டும். பந்தய ஓட்டுநருக்கு அது பழக்கம். எனக்கும் உங்களுக்கும் அல்ல. போதாததற்கு, காலை எடுத்ததும் பாரம் முன்னால் சாய்ந்து பின்சக்கரம் இன்னும் இலேசாகிவிடுகிறது. 3 மில்லிமீட்டர் டயர் முன்னாலேயே இருந்திருந்தாலும் அன்று வழுக்கியிருக்கலாம். ஆனால் இப்படி வழுக்கியிருக்காது.

இப்போது கையில் ஒரு டெப்த் கேஜ் வைத்திருக்கிறேன். விலை ஒன்றும் பெரிதில்லை. நான்கு டயரையும் அளந்து நோட்டில் எழுதிவைக்கிறேன். முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரைத் தொடும்போதே மாற்றிவிடுகிறேன். 8,000, 10,000 கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வதும் ஏறத்தாழ அங்கேதான் வந்து நிற்கிறது. முன்னிழுவை வண்டியில் முன் டயர்கள் அதே பக்கமாகப் பின்னால் போகும். பின் டயர்கள் இடம் வலம் மாறி முன்னால் வரும். பக்கச்சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் பக்கம் மாற்றக் கூடாது, முன்பின் மட்டும்தான்.

கேஜை விட எனக்கு அதிகம் சொல்லித் தருவது உள்ளங்கை. சித்தப்பாவின் வழக்கம் அது: டயரின் மேல் குறுக்காக ஒரு தடவை தடவுவார், பிறகு எதிர்த்திசையில். ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் அரம்போல உரசல் என்றால் டோ சரியில்லை, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம்.

போன முறை என் இடது முன் டயரின் உள்ளோரம் மட்டும் தேய்ந்திருந்தது. பின்னால் போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டேன். கடையில் வேலை செய்கிற பையன் சிரித்தான். "அண்ணா, தேய்க்கிறது டயர் இல்ல, வண்டி. இத அங்க போட்டா, முன்னால வர்றதும் இதே மாதிரி தேயும்ணா." அலைன்மென்ட்டைச் சரி செய்த பிறகே மாற்றினோம். பழுதை விட்டுவிட்டு டயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் நான்கும் சமமாகக் கெடும், அவ்வளவுதான். காற்றும் அப்படியே. டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும் அளவை, டயர் சூடாகும் முன் காலையிலேயே பிடிக்காவிட்டால் ரொட்டேஷனில் பாதிப் பயன் போய்விடும்.

உங்கள் வண்டியில் முன் டயர்கள் ஏற்கெனவே பாதிக்கு மேல் தேய்ந்து, பின் டயர்கள் நன்றாக இருந்தால் தயவுசெய்து இப்போது மாற்றிப் போடாதீர்கள். முன்னவற்றை அங்கேயே ஓட்டி முடியுங்கள், மழைக்காலம் வருமுன் கழற்றுங்கள். பின் டயர்களின் தேதியைப் பாருங்கள். வயதாகவில்லை என்றால் அவற்றை முன்னால் கொண்டுவந்து, புதிதாக வாங்கும் இரண்டையும் பின்னால் போடச் சொல்லுங்கள். முன்னிழுவை வண்டிக்குப் புதுசு முன்னால்தான் போட வேண்டும் என்று கடையில் வாதாடுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.