ராயபுரத்துக்கு பாஸ்போர்ட் வேணாம் பாஸ்!

வெளிநாட்டு மிஷன் ஸ்கூலுக்கு வாலண்டியராப் போகணும்னு கனவா? பீச் ஸ்டேஷனுக்கு அடுத்த ராயபுரத்தில் இறங்குங்க. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். 1888-ல் ஸ்காட்லாந்திலிருந்து மிஷன் டாக்டராக வந்த மாட்டில்டா மெக்ஃபெயில் ஆரம்பித்த பணிதான் இன்றைய ரெய்னி மருத்துவமனை. அவங்க கடல் தாண்டி வந்தாங்க. நான் தாம்பரத்திலிருந்து, தயிர் சாத டப்பாவோட!

எனக்கு சாயங்கால டியூஷன் டியூட்டி. முதல் வாரமே, தூங்கி வழிஞ்ச பிளஸ் ஒன் பையனை வெளியே நிக்க வெச்சுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது... விடியற்காலை மூணு மணிக்கே காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்குறானாம். ஸாரி சொன்னேன். "பரவால்லண்ணா"ன்னான்.

மறுநாள் வெக்டர் நடத்தத் திணறினேன். அவனே எழுந்து வந்து, "கச்சான்னா மேக்கேருந்து அடிக்கிற காத்துண்ணா. இன்ஜின் நின்னா போட்டைக் கடலுக்குள்ள தள்ளிடும்"னு போர்டில் அம்புக்குறி போட்டான். மொத்த கிளாசுக்கும் புரிஞ்சுது, எனக்கும்தான்!

சனிக்கிழமை வர்றீங்களா?