பழைய வண்டியும் நல்ல மனச்சான்றும்

மோட்டார் சைக்கிள் ஒருகாலத்தில் வசதியின் அடையாளமாய் இருந்தது. இன்றோ அது பிழைப்பின் கருவி. மேலகரத்திலும் இலஞ்சியிலும் குடியிருந்துகொண்டு, செங்கோட்டை, புளியரை எனப் பணிக்குச் சென்று திரும்பும் நம் இளைஞர் பலருக்கு, அஃதின்றி அன்றாட அப்பம் இல்லை. புது வண்டியின் விலை எட்டாதபோது, அவர்கள் பழைய வண்டியை நாடுவது இயல்பே.

அவர்களுள் பலரின் கண் 350 சி.சி. புல்லட்டின் மீதே விழுகிறது. கிளைக்கோவில்களுக்குச் சென்றுவரும் குருக்களாகிய எமக்கும் அதன்மீது பற்று உண்டு என்பதை மறைப்பானேன்? இங்கிலாந்தில் பிறந்த இவ்வண்டி, 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியபின், திருவொற்றியூரில் வேரூன்றியது. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்ற பின்னரும் தமிழ் மண்ணில் வாழ்கிறது. ஆயினும், ஆசை வேறு, தேவை வேறு.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் லூக்கா நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் உணர்த்துகிறார். நாமும் கணக்கிடுவோம். தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 53 கிலோமீட்டர். போய்வர நூற்றுக்கு மேல். லிட்டருக்கு 35 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் வேண்டும். 25 நாட்களுக்கு 75 லிட்டர். இருமடங்கு தூரம் ஓடும் சிறிய வண்டிக்கு இதில் பாதி போதும். நாள்தோறும் நெல்லை செல்வோருக்கோ ரயில் இருக்கிறது. செங்கோட்டைப் பக்கத்து மேட்டுச் சாலையில் பாரமேற்றிச் செல்வோருக்கே கனத்த வண்டி உண்மையில் உதவும்.

வாங்குவதென முடிவு செய்தால், எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைவேளையில் சென்று பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்த எஞ்சின் தன் குறையை மறைக்கும். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதியாய்ச் செல்கிறது. குற்றாலச் சாரலில் பல்லாண்டு நனைந்த வண்டியெனில், பெட்ரோல் டாங்கின் உட்புறத்தையும் சட்டத்தின் அடிப்பாகத்தையும் துரு தின்றிருக்கிறதா என நோக்குங்கள். முற்காலப் புல்லட்டுகளில் கியர் வலக்காலுக்கும் பிரேக் இடக்காலுக்கும் அமைந்திருக்கும். பழகாதவர் அவசரத்தில் கால் மாறி மிதித்தால் ஆபத்து. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது நலம்.

வண்டியை மந்திரிக்கக் கொண்டுவருவோரிடம் நான் தவறாமல் கேட்பது ஒன்றுண்டு: "தம்பி, ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது?" பலர் தலைகுனிவர். இது வெறும் காகித விஷயமன்று. பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம் ஒன்று, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தன் வண்டியை விற்றது. வாங்கியவர் பெயரை மாற்றவில்லை, இன்சூரன்சையும் புதுப்பிக்கவில்லை. அவ்வண்டி முதியவர் ஒருவரை மோதியபோது, நீதிமன்ற அழைப்பாணை விற்றவரின் வீட்டுக் கதவைத் தட்டியது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பான உரிமையாளர் என உச்ச நீதிமன்றமும் 2018-இல் உறுதிசெய்துள்ளது.

எனவே, 29, 30 ஆம் எண் படிவங்களில் இருவரும் கையொப்பமிட்டு, 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்சைத் தம் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். கடன் பாக்கி இருப்பின், கடன் தந்தோரின் தடையில்லாச் சான்றைப் பெற்ற பின்னரே பணம் கொடுங்கள். பதிவாகி 15 ஆண்டுகள் கடந்த வண்டியெனில், பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் புத்தகத்தோடு ஒத்திருத்தல் இன்றியமையாதது.

சாலையில் செல்வோரின் கடமைகளைப் பற்றித் திருப்பீடம் 2007-ஆம் ஆண்டில் தனியோர் ஏடே வெளியிட்டு, அதில் ஓட்டுநர்களுக்கெனப் பத்துக் கட்டளைகளையும் தந்தது. கொலை செய்யாதிருப்பதே அவற்றுள் முதலாவது. பெற்றோரே! வண்டிக்கு ஒதுக்கும் பணத்தில் நல்ல டயருக்கும் தலைக்கவசத்திற்கும் முதலில் பங்கு வையுங்கள். விற்றவன் நிம்மதியாய் உறங்கவும், வழியில் நடப்பவன் அச்சமின்றி நடக்கவும் இடந்தருகிற வண்டியே, விலை குறைந்ததாயினும், ஆசீர் பெற்ற வண்டி.