பாஸ் அவுட் ஆயிட்டீங்களா பாஸ்?

'2024 பாஸ் அவுட்'. உங்க ரெஸ்யூமேல இப்படி ஒரு வரி இருக்கா? இன்டர்வியூவுல 'இயர் ஆஃப் பாஸிங் அவுட்?'னு கேட்டா, டக்குனு வருஷத்தைச் சொல்றீங்களா? நம்ம ஊர்ல அது படிப்பை முடிச்ச வருஷம். ஆனா, அதையே ஒரு அமெரிக்கர்கிட்டயோ லண்டன்காரர்கிட்டயோ சொன்னா, அவர் பதறிப்போய் "இப்ப உடம்பு பரவாயில்லையா?"ன்னு கேட்கலாம். ஏன்னா, அவங்க பேச்சில் 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது!

அதிலும் நாம 'ஐ பாஸ்ட் அவுட் ஃப்ரம் காலேஜ்'னு சொல்றோம் பாருங்க, அங்கதான் காமெடி. 'பாஸ்ட் அவுட் ஃப்ரம் ஹங்கர்' என்றால் பசியால் மயங்கினான். அப்போ ஃப்ரம் காலேஜ்? கல்லூரியால் மயங்கினான்! (சில லெக்சர்களை நினைச்சா, அதுவும் உண்மைதான்.)

ஒரு சின்ன 'அவுட்' இன்னும் வேலை பார்க்குது. 'பாஸ் அவுட் த பேப்பர்ஸ்' என்றால், பேப்பர்களை எல்லாருக்கும் கொடுங்கள் என்று அர்த்தம். 'அவுட்'டை எடுத்துட்டு 'அவே' போட்டீங்கன்னா, ஆளே காலி. 'பாஸ் அவே' என்றால் காலமாவது!

அப்போ நாம சொல்றது சுத்தமா தப்பா? அதுவும் இல்லை. ராணுவத்துல பயிற்சியை முடிச்சு வெளியே வர்றதுக்கு பிரிட்டிஷ் இங்கிலீஷ்லயே 'பாஸ் அவுட்'தான். சென்னை பரங்கிமலை ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமியின் 'பாஸிங் அவுட் பரேட்' படங்களைப் பார்த்திருப்பீங்க. அங்கே யாரும் மயங்குறதில்லை. மிடுக்கா நடந்து அதிகாரி ஆகுறாங்க. அவங்க ராணுவத்தோட நிறுத்திக்கிட்டாங்க, நாம காலேஜ் வரைக்கும் கூட்டிட்டு வந்துட்டோம். அவ்வளவுதான்.

இதை நான் விளையாட்டா எழுதலை. என் ஃப்ரெண்ட் ஒருத்தன், தமிழ் மீடியம். வீட்டுல முதல் பட்டதாரி. ஒரு இன்டர்வியூவுல 'ஐ பாஸ்ட் அவுட்'னு ஆரம்பிச்சதும், எதிர்ல இருந்தவர் "எங்கே, பஸ் ஸ்டாண்டுலயா?"ன்னு கேட்டுச் சிரிச்சிருக்கார். பக்கத்துல இருந்தவரும் சேர்ந்து சிரிச்சிருக்கார். அதுக்கப்புறம் கேட்டதுக்கெல்லாம் விடை தெரிஞ்சும் இவன் வாயே திறக்கலை. அந்த வேலை போனதுகூடப் பெரிசில்லை. அடுத்த ஆறு மாசம் எந்த இன்டர்வியூ பக்கமும் போகாம இருந்தான் பாருங்க, அதுதான் எனக்கு வலிச்சது. சொல்லிக்கொடுக்கிற இடத்துல இருந்த மனுஷன், சொல்லிக்காட்டிட்டார்.

கவனிச்சீங்களா? 'சொல்' ஒண்ணுதான். 'சொல்லிக்கொடு' என்றால் கற்பிப்பது. 'சொல்லிக்காட்டு' என்றால் குத்துவது. 'சொல்லிக்காம போயிட்டான்' என்றால், விடைபெறாமல் போய்விட்டான். 'போடு'வை எடுத்துக்குங்க. 'போட்டுக்கொடுத்தான்' என்றால், ஹெச்.ஓ.டி.கிட்ட மாட்டிவிட்டான். 'போட்டு வாங்கினான்' என்றால், பேச்சுக் கொடுத்தே உண்மையைக் கறந்தான். 'போட்டுத் தள்ளினான்'... வேணாம், போலீஸ் கேஸ்!

இதையெல்லாம் எந்த கிராமர் புக்கைப் பார்த்து மனப்பாடம் பண்ணீங்க? ஆளுங்க பேசப் பேசக் காதுல விழுந்து ஒட்டிக்கிச்சு. ஃபிரேஸல் வெர்ப் சமாசாரமும் கிட்டத்தட்ட இதேதான். பட்டியல் போட்டு நெட்டுரு பண்ணா பரீட்சையோட பறந்துடும். முழு வாக்கியமா, யார் எந்த இடத்துல சொன்னாங்கங்கிறதோட சேர்த்துப் பிடிங்க, நிக்கும்.

இன்டர்வியூவுல எதிர்ல இருக்கிறவர் வெளிநாட்டுக்காரரா? 'ஐ கிராஜுவேட்டட் இன் 2024'னு சொல்லிட்டா சிக்கலே இல்லை. நம்ம ஊர் ஹெச்.ஆர். 'பாஸ் அவுட் இயர்' கேட்டா, கூலா வருஷத்தைச் சொல்லுங்க. கேட்கிறவருக்குப் புரியுற மாதிரி பேசறதுல எந்த வெட்கமும் இல்லை.

இன்னும் சில வருஷத்துல நீங்களே மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவீங்க. எதிர்ல ஒரு பையனோ பொண்ணோ, உள்ளங்கை வேர்க்க 'ஐ பாஸ்ட் அவுட்'னு ஆரம்பிப்பாங்க. அப்போ சொல்லிக்கொடுங்க பாஸ்... சொல்லிக்காட்டாதீங்க!