கடல்மட்டத்துக்குக் கீழே ஒரு குடியிருப்பு

வெளிநாட்டு நகரொன்றில் குடியேற முற்படுவோர் பொதுவாகத் திருட்டையும் வழிப்பறியையுமே முதலில் எண்ணி அஞ்சுகின்றனர். ஆனால் பெண்களும் இரவில் தனியே நடந்து வீடு திரும்பும் டோக்கியோவில் உயிருக்குப் பேரிடர் மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் வருவதால், அங்கே ஒருவரது பாதுகாப்பு வீடு தேடும் கட்டத்திலேயே பெருமளவு முடிவாகிவிடுகிறது.

1923 செப்டம்பர் 1 அன்று நண்பகலுக்குச் சற்று முன் நேர்ந்த கான்டோ பெருநிலநடுக்கத்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களுள் பெரும்பாலோர் மதிய உணவுக்காக மூட்டிய அடுப்புகளிலிருந்து பரவிய தீக்கு இரையாயினர். 1995இல் ஜப்பானின் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் இறந்த 6,400க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோரோ இடிந்த வீடுகளுக்குள் நசுங்கியே மாண்டனர். கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறனை உயர்த்தும் விதி 1981 ஜூனில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதற்குப்பின் எழுந்த வீடுகள் கோபேயில் பெரும்பாலும் நிலைத்து நின்றமையால், வாடகையைக் கேட்குமுன் கட்டட அனுமதி பெறப்பட்ட ஆண்டைக் கேட்பதே அறிவுடைமை. உயரமான அலமாரிகளைச் சுவரோடு பிணைப்பதும், படுக்கையின் தலைமாட்டில் கனமான பொருள் வைக்காதிருப்பதும் முதல் வாரத்திலேயே செய்யவேண்டியவை.

ஜப்பானியச் செய்திகளில் வரும் ‘ஷிண்டோ’ என்பது, நிலநடுக்கத்தின் மொத்த ஆற்றலைக் குறிக்கும் ரிக்டர் போன்ற அளவன்று. குறிப்பிட்ட ஓரிடத்தில் தரை எவ்வளவு அதிர்ந்தது என்பதை 0 முதல் 7 வரை காட்டும் அளவு. நிலநடுக்க முன்னெச்சரிக்கையாகக் கைபேசி அலறியபின் கிடைப்பவை சில நொடிகளே என்பதால், வெளியே ஓடாமல் மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளவேண்டும். 2011 மார்ச் 11 அன்று நேர்ந்த பெருநிலநடுக்கத்தால் ரயில்கள் நின்றுபோக, தலைநகர்ப் பகுதியில் சுமார் 50 லட்சம் பேர் அன்றே வீடு திரும்ப இயலாது தவித்தனர். அத்தகைய நாளில் பணியிடத்திலேயே தங்குவது நல்லது. 171 என்னும் எண்ணில் குரல்செய்தி பதிந்து குடும்பத்துக்குத் தெரிவிக்கும் முறையையும் முன்னரே பழகிக்கொள்வது நன்று.

நீரின் இடரோ தமிழருக்கு இன்னும் நெருக்கமானது. 2000ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைத் தீர்க்க வந்த பொறியாளர்கள் தொடங்கி இந்தியக் குடும்பங்கள் பெருகிவரும் நிஷிகசாய், எடோகாவா வட்டத்தில் உள்ளது; மேற்கே அரகாவா ஆறும், கிழக்கே எடோ ஆறும், தெற்கே டோக்கியோ விரிகுடாவும் சூழ்ந்த அவ்வட்டத்தின் நிலத்தில் ஏறத்தாழ 70 விழுக்காடு, கடல் ஓதம் உயர்கையில் நீர்மட்டத்துக்குக் கீழே அமைகிறது. ஆலைகளுக்காக நிலத்தடி நீரை அளவின்றி உறிஞ்சியதால் தாழ்ந்த மண் அது. கரைகளே அதைக் காத்து நிற்கின்றன. 2019இல் அவ்வட்ட நிருவாகம் வெளியிட்ட வெள்ள இடர் வரைபடம், பெருவெள்ளம் வருமெனில் இங்கே தங்கியிருக்கவே கூடாது என்று தன் குடிமக்களிடம் கூறியது. ஓர் உள்ளாட்சி இத்தனை வெளிப்படையாகப் பேசியது போற்றத்தக்க துணிவு. அதே ஆண்டு அக்டோபரில் ஹகிபிஸ் புயலின்போது 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வெளியேறும் அறிவுரையும் விடுக்கப்பட்டது. மேல்மாடி போதும் என்று எண்ணுவது தவறு. கரை உடைந்தால் நீர் ஒன்றிரண்டு வாரம் வடியாது நிற்கக்கூடும் என்பதால், மின்சாரமும் குடிநீரும் கழிவறையும் இன்றி அங்கே குழந்தைகளுடன் வாழ இயலாது.

மனிதரால் வரும் தொல்லை அறவே இல்லை என்பதன்று. கபுகிச்சோ போன்ற கேளிக்கைப் பகுதிகளில் தெருவில் நின்று அழைப்பவர் பின்னால் மதுக்கடைக்குச் செல்வோர் பெருந்தொகை இழப்பதுண்டு. நெரிசல் மிக்க காலை ரயில்களில் பெண்களுக்கெனத் தனிப்பெட்டிகள் உள்ளன. காவலுக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்சுக்கும் 119. தெருமுனைகளில் உள்ள ‘கோபான்’ எனும் சிறு காவல் சாவடியில் வழியும் கேட்கலாம், தொலைந்த பொருளையும் தேடலாம். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் குடியிருப்பு அட்டையை எப்போதும் உடன்வைத்திருக்கச் சட்டம் கோருகிறது. குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியையும் வட்ட அலுவலகத்தில் பதியவேண்டும்.

2020 ஆகஸ்ட் முதல், வீடு வெள்ள இடர் வரைபடத்தில் எங்கே அமைகிறது என்பதை ஒப்பந்தத்துக்கு முன் விளக்குவது வீட்டுத் தரகரின் சட்டக் கடமையாகும். எனவே டோக்கியோவில் குடியேறுவோர், மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் சென்றேனும் அவ்விளக்கத்தை முழுமையாகக் கேட்டுப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும்.